வாயின் நலமும் மாதச் சந்தாவும்: பிரிட்டனின் பல் மருத்துவத் திட்டங்களில் மதிப்பீடு மாறிய விதம்

1. பொருளும் எல்லையும்

பிரிட்டனில் தனியார் பல் மருத்துவரிடம் மாதந்தோறும் ஒரு தொகை கட்டிவரும் நோயாளிகள் ஏராளம். அதற்கு ஈடாகப் பரிசோதனை, பல் சுத்தம், எக்ஸ்-ரே ஆகியவை தனிக் கட்டணமின்றிக் கிடைக்கும். விரிவான திட்டங்களில் பல் அடைப்பதும் வேர் சிகிச்சையும் சேரும். இதைக் காப்பீடு என்று பலர் நினைப்பதுண்டு. ஆனால் இது வேறு. காப்பீட்டில் நட்டத்தைத் தாங்குவது நிறுவனம். இங்கே தாங்குபவர் மருத்துவர். ஆகவே சேர வருபவரின் வாயைத் திறந்து பார்த்ததும், இனி வரும் ஆண்டுகளில் இவருக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்று அவர் கணித்தாக வேண்டும். அந்தக் கணிப்பு எதை வைத்துச் செய்யப்பட்டது, அதை ஏன் திருத்த வேண்டி வந்தது, திருத்திய பின்னும் எது குறையாக நிற்கிறது என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

2. திட்டங்கள் பிறந்த சூழல்

1948 ஜூலை 5 அன்று தொடங்கிய தேசியச் சுகாதாரச் சேவையில் பல் மருத்துவம் முதலில் இலவசமாகவே இருந்தது. 1951இல் செயற்கைப் பற்களுக்கும், மறு ஆண்டில் மற்றச் சிகிச்சைகளுக்கும் கட்டணம் வந்தது. மருத்துவருக்கோ செய்த வேலைக்கு ஏற்பக் கூலி. அடைத்தால் பணம், அடைக்காமல் காத்தால் ஒன்றுமில்லை.

இதற்கு மாற்றாக 1986இல் இரண்டு பல் மருத்துவர்கள் சேர்ந்து டென்பிளான் நிறுவனத்தைத் தொடங்கினர். தலைக்கு இவ்வளவு என்று மாதச் சந்தா வாங்கினால், நோயாளியின் பல் கெடாமல் இருப்பதே மருத்துவருக்கும் ஆதாயம் என்பது அவர்கள் எண்ணம். 1992இல் அரசு, மருத்துவர்களுக்குத் தரும் கட்டணத்தை 7 சதவீதம் குறைத்தபோது, பலர் அரசுச் சேவையை விட்டு இத்தகைய திட்டங்களுக்கு மாறினர். 2006இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வந்த ஒப்பந்தம் இந்த ஓட்டத்தை மேலும் தூண்டியது. அதில் பல் அடைக்கும் சிகிச்சைக்கு மருத்துவரின் ஊதியக் கணக்கில் 3 அலகு. ஒரு பல்லை அடைத்தாலும் பத்துப் பல்லை அடைத்தாலும் அதே 3 அலகுதான். அதிகம் கெட்ட வாயோடு வருபவரை ஏற்பது மருத்துவருக்கு நட்டமாக முடிந்தது. இங்கிலாந்தில் இந்தக் கோணல் 2022 நவம்பரில்தான் ஓரளவு நிமிர்த்தப்பட்டது.

3. பழைய வகைப்பாடும் அதன் பிழையும்

டென்பிளானின் முழுப் பராமரிப்புத் திட்டத்தில் நோயாளிகள் ஏ முதல் ஈ வரை ஐந்து வகைகளாகப் பிரிக்கப்பட்டனர். குறைந்த வேலை வேண்டுபவர் ஏ. மிகுந்த வேலை வேண்டுபவர் ஈ. எத்தனை பல் அடைக்கப்பட்டிருக்கிறது, எத்தனை உறை, எத்தனை பாலம், ஈறு எப்படி என்பவற்றைப் பார்த்து வகை முடிவாகும். 1938இல் அமெரிக்காவில் உருவான சொத்தை, இழப்பு, அடைப்பு எண்ணிக்கையின் சாயல் இதில் தெளிவாகவே தெரிகிறது. அந்த எண் ஒருமுறை ஏறினால் இறங்காது. இருபது வயதில் அடைத்த பல் எழுபது வயதிலும் கணக்கில் நிற்கும்.

இரண்டு நோயாளிகளைக் கற்பனை செய்து பார்ப்போம். முதலாமவர் அறுபது வயதுப் பெண். இளமையில் மாட்டிய பன்னிரண்டு உறைகள் அவர் வாயில் இருக்கின்றன. புகைப்பதில்லை, சர்க்கரை நோய் இல்லை, பதினைந்து ஆண்டுகளாகப் புதிய சொத்தை எதுவும் இல்லை. இரண்டாமவர் முப்பத்தைந்து வயது ஆண். ஒரு பல்லும் அடைக்கப்படவில்லை. பார்க்க அழகான வரிசை. ஆனால் புகைக்கிறார், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லை, தகப்பனார் நாற்பதைத் தாண்டியதும் பல்லெல்லாம் ஆடி இழந்தவர். பழைய முறையில் அந்தப் பெண் ஈ வகைக்குப் போவார். இந்த ஆண் ஏ வகைக்குப் போவார். கடந்த காலத்தை அளந்துவிட்டு, அதையே எதிர்காலம் என்று விலை வைத்த பிழை இது. உறைகள் ஒருநாள் தேயும், மாற்ற வேண்டிவரும் என்பது மெய்தான். அந்தச் செலவைக் கணக்கில் சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் நோய் எங்கே வளரப் போகிறது என்ற கேள்வியே அங்கே கேட்கப்படவில்லை.

4. தேயிலை மலையில் கிடைத்த சான்று

இந்தக் கேள்விக்கான அடிப்படைச் சான்றுகளில் ஒன்று இலங்கையின் மலையகத்திலிருந்து வந்தது. 1970இல் ஈறுநோய் ஆய்வாளர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும் அங்குள்ள தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளரின் ஈறுகளை அளக்கத் தொடங்கினர். பல் துலக்கும் வழக்கமோ பல் மருத்துவமோ எட்டாத மக்கள் அவர்கள். எல்லோர் பற்களிலும் காரை. எல்லோர் ஈறுகளிலும் வீக்கம். ஆயினும் சொத்தை ஏறக்குறைய இல்லை. 1986இல் வெளியான முடிவுகளில் அவர்கள் மூன்று கூட்டமாகப் பிரிந்தனர். 8 சதவீதத்தினருக்கு ஈறு நோய் விரைந்து பரவியது. 81 சதவீதத்தினருக்கு மிதமாக. 11 சதவீதத்தினருக்கு ஈறு வீங்கியதோடு நின்றுவிட்டது. விரைந்த கூட்டத்தினர் 45 வயதுக்குள் பற்களை இழந்தனர்.

ஒரே தோட்டம், ஒரே அழுக்கு, மூன்று விதமான முடிவு. வாயின் இன்றைய தூய்மையை மட்டும் வைத்து நாளைய நிலையைச் சொல்ல முடியாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு அரிது. இன்று பர்மிங்காமில் சந்தா கட்டுபவருக்குத் தரப்படும் ஆபத்து எண்ணின் பின்னணியில், மலையகத் தமிழர் பலரின் ஆடி விழுந்த பற்களும் இருக்கின்றன. அந்த அறிவின் பயன் அத்தொழிலாளர் வாழும் லயங்களுக்கு ஏறக்குறையப் போய்ச் சேரவேயில்லை. இதைப் பதியாமல் இத்துறையின் வரலாற்றை எழுதுவது எனக்கு நேர்மையாகப் படவில்லை.

5. அளவுகோல்களின் திருத்தம்

5.1 இருப்பு. ஈறுகளின் அடிப்படைப் பரிசோதனையில் வாயை ஆறு பகுதிகளாகப் பிரித்து, நுனியில் அரை மில்லிமீட்டர் உருண்டை உள்ள ஊசியால் ஈறுப்பையின் ஆழம் பார்ப்பார்கள். ஊசியில் 3.5 முதல் 5.5 மில்லிமீட்டர் வரை உள்ள கறுப்புப் பட்டை முழுதும் மறைந்தால் குறி 4. விரைவாகச் சலிக்க நல்ல முறை. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

5.2 வேகம். 2018இல் வெளியான புதிய ஈறுநோய் வகைப்பாடு, நோய் எவ்வளவு என்பதோடு எவ்வளவு விரைவு என்பதையும் கேட்டது. பிரிட்டிஷ் ஈறுநோய்ச் சங்கம் அதை எளிதாக்கியது: எலும்பு இழப்பின் சதவீதத்தை வயதால் வகுக்க வேண்டும். எழுபது வயதில் 30 சதவீத இழப்பு என்றால் விடை 0.43, மெதுவான நோய். இருபத்தைந்து வயதில் அதே 30 சதவீதம் என்றால் 1.2, விரைவான நோய். எக்ஸ்-ரே படத்தில் எலும்பு ஒரே உயரத்தில்தான் தெரியும். வயது என்ற ஒற்றை எண் இருவரையும் வெவ்வேறு நோயாளிகளாக்கி விடுகிறது.

5.3 நோயாளியின் சொல். 2000ஆம் ஆண்டையொட்டி டென்பிளான் மருத்துவர்களிடையே 100க்கு இவ்வளவு என்ற வாய்நல மதிப்பெண் வந்தது. பல், ஈறு, மென்தசை ஆகியவற்றோடு வலியின்றி இருக்கிறதா, மெல்ல முடிகிறதா, தோற்றத்தில் நிறைவுண்டா என்று நோயாளியிடமே கேட்டு அதையும் கூட்டினார்கள். 2013இல் இதனோடு பிரீவைசர் என்ற கணினிமுறை இணைந்தது. சொத்தை, ஈறு நோய், பல் தேய்வு, வாய்ப்புற்று ஆகிய நான்கின் ஆபத்தும் தனித்தனியே கணிக்கப்பட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை நிறங்களில் நோயாளியின் கையில் தாளாகக் கொடுக்கப்பட்டது. அரசின் பல் மருத்துவச் சேவை குறித்து ஜிம்மி ஸ்டீல் 2009இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 2011இல் தொடங்கிய அரசின் சோதனைத் திட்டங்களும் இதே மூன்று நிறங்களைக் கையாண்டன.

6. விலையும் அளவும்

இங்கேதான் எனக்குத் தயக்கம். ஆபத்து எண் துல்லியமாக ஆக, அதைக் கட்டண வகையோடு முடிச்சுப் போடும் ஆசையும் வளர்கிறது. முடிச்சுப் போட்டால் புகைப்பவர் கூடுதலாகக் கட்டுவார். நியாயம் என்று தோன்றும். ஆனால் சர்க்கரை நோய் வந்தவரும், தகப்பனாரின் ஈறுகளைப் பெற்றுப் பிறந்தவரும், மருந்தால் உமிழ்நீர் வற்றிய முதியவரும் கூடுதலாகக் கட்டுவார்கள். தேயிலை மலையின் 8 சதவீதத்தினர் மற்றவர்களைவிடக் குறைவாகப் பல் துலக்கியவர்கள் அல்லர். கட்டணம் ஏறும் என்று தெரிந்தால் புகைப்பதை யாரும் மருத்துவரிடம் உண்மையாகச் சொல்லவும் மாட்டார்கள். அப்போது அந்தக் கணிப்பின் முதல் செங்கல்லே பொய்யாகிவிடும்.

ஆபத்தைப் பயன்படுத்த வேண்டிய இடம் வேறு. 2004இல் இங்கிலாந்தில் வெளியான தேசிய வழிகாட்டல், வளர்ந்தவர்களை அவரவர் ஆபத்துக்கு ஏற்ப 3 மாதம் முதல் 24 மாதம் வரையிலான இடைவெளியில் பார்க்கச் சொன்னது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்ற பழக்கம் இன்னும் பல திட்டங்களில் எல்லோருக்கும் பொதுவாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. சிவப்புத் தாள் வாங்கியவரை மூன்று மாதத்தில் அழைப்பதும், பச்சைத் தாள் வாங்கியவரை ஓராண்டுக்கு மேல் விடுவதும் சந்தாவை ஒரு காசு மாற்றாமலே செய்யக்கூடியவை.

மறுமதிப்பீட்டுக்கும் காலம் குறிக்க வேண்டும். சேர்ந்த நாளில் விழுந்த வகை பத்தாண்டு கழித்தும் அப்படியே இருப்பது வழக்கமாகிவிட்டால், முன் சொன்ன பெண் தன் பழைய உறைகளுக்கு ஆயுள் முழுதும் சந்தா கட்டுவார். ஒவ்வொரு மதிப்பீட்டுக்குப் பின்னும் இரண்டு தாள்கள் தரலாம். ஒன்றில் மதிப்பெண்ணும் நான்கு ஆபத்துகளும், சென்ற முறை இருந்த எண்களும். மற்றொன்றில் கட்டண வகை, அது மாறியதா, மாறினால் எந்தப் பல்லின் எந்த வேலைக்காக என்ற விவரம். இரண்டாவது தாளில் புகை, சர்க்கரை, குடும்ப வரலாறு ஆகிய மூன்று சொற்களும் இடம்பெறக் கூடாது.