இருபிறப்பு எய்திய நகரம்

பழைய ஊர்களைப் பார்க்கப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கோட்டையையோ கோயிலையோ கண்டதும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இது எத்தனை வருஷத்துக் கட்டடம்?" என்பதுதான். ஆயிரம் வருஷம் என்று சொல்லிவிட்டால் பிரமித்துப் போகிறார்கள். ஐம்பது, அறுபது வருஷம் என்றால், "ப்பூ, இவ்வளவுதானா!" என்று முகத்தைத் திருப்பிக் கொள்கிறார்கள். இந்த அளவுகோலைக் கையில் பிடித்துக்கொண்டு போலந்து தேசத்தின் தலைநகரான வார்ஸாவுக்குப் போனால் பெரிய சங்கடம் ஏற்பட்டு விடும். எனக்கும் ஏற்பட்டது.

வார்ஸாவின் பழைய நகரச் சதுக்கத்தில் நின்று நாலு புறமும் பார்த்தால் கண்ணுக்கு விருந்துதான். நெருக்கமாகத் தோளோடு தோள் உரசி நிற்கும் உயரமான வீடுகள், மஞ்சளும் காவியும் பச்சையுமாகச் சுவர்கள், சுவர்களில் சித்திரங்கள், நடுவில் வாளும் கேடயமும் ஏந்தி நிற்கும் ஒரு மச்சகன்னி. அவள்தான் இந்த நகரத்தின் சின்னம். எல்லாம் பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுச் சாயல். ஆனால் இந்த வீடுகளில் பெரும்பாலானவை 1949-ஆம் வருஷத்துக்கும் 1953-ஆம் வருஷத்துக்கும் இடையில் கட்டப்பட்டவை. அப்படியானால் இது சினிமாவுக்குப் போட்ட செட்டுத்தானா? ஏமாற்று வேலையா? இந்தக் கேள்விக்கு விடை சொல்ல வேண்டுமானால் அந்த ஊரின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

போலந்தின் பழைய தலைநகரம் கிரகோவ். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் மூன்றாம் ஸிகிஸ்மண்ட் என்ற அரசர் தம்முடைய அரசவையை விஸ்டுலா நதிக்கரையிலிருந்த வார்ஸாவுக்கு மாற்றத் தொடங்கினார். அவருடைய நினைவாக அவர் மகன் 1644-இல் நாட்டிய ஸ்தம்பம் அரண்மனைக்கு எதிரே நிற்கிறது. உச்சியில் ஒரு கையில் சிலுவையும் மறு கையில் வாளுமாக அரசர் நிற்கிறார். அந்த அரண்மனையில்தான் 1791 மே 3-ஆம் தேதி போலந்தின் புகழ்பெற்ற அரசியல் சாசனம் நிறைவேறியது. ஐரோப்பாவில் எழுதி வைக்கப்பட்ட நவீன சாசனங்களில் அதுவே முந்தியது என்று போலந்துக்காரர்கள் பெருமையோடு சொல்லிக் கொள்கிறார்கள். சாசனம் நல்ல சாசனம்தான். ஆனால் அண்டை வீட்டார் நல்லவர்களாக இல்லையே! ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்ற மூன்று ராஜ்யங்களும் 1772, 1793, 1795 என்று மூன்று தவணைகளில் போலந்தைப் பங்கு போட்டுக் கொண்டன. அதன் பின் 1918 வரையில், 123 வருஷ காலம், ஐரோப்பாவின் படத்தில் போலந்து என்று ஒரு சுதந்திர நாடே கிடையாது.

நாடு இருந்த அந்தக் கடைசிக் காலத்தில், அரசர் ஸ்டானிஸ்லாவ் ஆகஸ்டின் சபையில் ஓர் இத்தாலியச் சித்திரக்காரர் இருந்தார். பெர்னார்டோ பெல்லோட்டோ என்பது அவர் பெயர். வெனிஸ் நகரக் காட்சிகளை வரைந்து புகழ் பெற்ற கனலெட்டோவின் மருமான். தாய்மாமன் பெயரையே தாமும் போட்டுக் கொண்டவர். 1780-இல் வார்ஸாவிலேயே காலமாகும் வரையில் அந்நகரத்தின் வீதிகளை ஜன்னல் ஜன்னலாக, கூரை கூரையாக எழுதித் தள்ளினார். தம் தூரிகை ஒருநாள் கொத்தனாருக்கு வழிகாட்டும் என்று அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

1939 செப்டம்பரில் ஹிட்லரின் படை வந்தது. 17-ஆம் தேதி அரண்மனை குண்டு பட்டு எரிந்தது. ஸ்டானிஸ்லாவ் லோரென்ட்ஸ் என்ற அருங்காட்சியகத் தலைவரும் அவருடைய தோழர்களும் எரிகிற அரண்மனைக்குள் புகுந்து படங்களையும், கதவு நிலைகளையும், சுவர் அலங்காரத் துண்டுகளையும் வெளியே கொண்டு வந்தார்கள்.

அடிமைப்பட்ட ஊரிலும் ஜனங்களுக்கு ஹாஸ்ய உணர்ச்சி போய்விடவில்லை என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வார்ஸாவில் வான சாஸ்திரி கோப்பர்நிகஸின் சிலை ஒன்று இருக்கிறது. தோர்வால்ட்சன் என்ற டேனிஷ் சிற்பி செய்தது. அவர் ஜெர்மானியர் என்று உரிமை கொண்டாடி ஜெர்மானியர்கள் ஒரு பலகையை அதில் பதித்தார்கள். 1942 பிப்ரவரியில் ஒரு சாரண இளைஞன் அந்தப் பலகையைக் கழற்றிக் கொண்டு போய்விட்டான். இதற்குப் பழிவாங்க, மக்கள் தலைவனாகப் போரிட்ட செருப்புத் தொழிலாளி கிலின்ஸ்கியின் சிலையை ஜெர்மானியர்கள் பெயர்த்து, அருங்காட்சியகத்தில் ஒளித்து வைத்தார்கள். சில நாட்களில் அருங்காட்சியகத்தின் சுவரில், "வார்ஸா ஜனங்களே, நான் இங்கேதான் இருக்கிறேன்" என்று கிலின்ஸ்கி பெயரில் எழுத்துக்கள் தோன்றின! அதோடு நின்றதா? கிலின்ஸ்கியின் சிலையை அகற்றியதற்குத் தண்டனையாகக் குளிர் காலத்தை ஆறு வாரம் நீட்டித்திருப்பதாகக் கோப்பர்நிகஸின் கையெழுத்தோடு ஓர் அறிவிப்பும் ஊரெல்லாம் ஒட்டப்பட்டது. ரஷ்யப் பனியில் ஜெர்மன் படை விறைத்துக் கொண்டிருந்த சமயம் அது.

சிரிப்பு இவ்வளவோடு சரி. மேலே சொல்ல வேண்டியதெல்லாம் கண்ணீர்க் கதை. யுத்தத்துக்கு முன் வார்ஸாவின் ஜனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் யூதர். 1940 நவம்பரில் அவர்களை ஒரு பகுதியில் அடைத்துச் சுற்றிலும் மதில் எழுப்பினார்கள். நாலு லட்சத்துக்கு மேற்பட்ட மனிதர்கள் அந்தக் கொட்டடியில் பட்டினியிலும் விஷ ஜுரத்திலும் மடிந்து கொண்டிருந்தார்கள். மிஞ்சியவர்களை 1942 ஜூலை 22 முதல் ரயிலேற்றி ட்ரெப்ளிங்காக் கொலைக் களத்துக்கு அனுப்பினார்கள். எஞ்சி நின்ற கொஞ்சம் பேர் 1943 ஏப்ரல் 19-இல், கையில் கிடைத்த ஆயுதங்களோடு எதிர்த்து நின்றார்கள். வெல்வதற்காக அல்ல, எப்படிச் சாவது என்பதைத் தாங்களே தீர்மானிப்பதற்காக. மே 16-இல் நகரத்தின் பெரிய யூத ஆலயத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டு, காரியம் முடிந்தது என்று ஜெர்மன் தளபதி அறிவித்தான்.

அடுத்த வருஷம், 1944 ஆகஸ்டு முதல் தேதி மாலை ஐந்து மணிக்கு நகரம் முழுவதுமே கிளர்ந்து எழுந்தது. 63 நாள் போராட்டம். நதியின் அக்கரை வரையில் வந்துவிட்ட சோவியத் படை பெரிய உதவி எதையும் செய்யவில்லை. ஒன்றரை லட்சத்துக்குக் குறையாத பொதுஜனங்கள் மாண்டார்கள். அக்டோபர் 2-இல் சரணடைந்த பிறகு, உயிரோடிருந்தவர்களையெல்லாம் ஊரை விட்டு வெளியேற்றினார்கள். அதன் பின் நடந்ததுதான் சரித்திரத்தில் அபூர்வமான கொடுமை. போர் ஓய்ந்த வெற்று நகரத்தில், நெருப்பு வைக்க ஒரு கூட்டம், வெடி வைக்க ஒரு கூட்டம் என்று, தெருத் தெருவாக, வீடு வீடாக, நிதானமாக அழித்தார்கள். எரிந்து நின்ற அரண்மனைச் சுவர்களும் வெடித்துச் சிதறின. 1945 ஜனவரியில் ஜெர்மானியர் ஓடியபோது வார்ஸாவின் கட்டடங்களில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் நாசமாகி இருந்தன. இடிபாடு மட்டும் சுமார் இரண்டு கோடி கன மீட்டர்!

இந்தக் குப்பை மேட்டை இப்படியே விட்டுவிட்டு, லோட்ஸ் நகரத்தைத் தலைநகராக்கிக் கொள்ளலாம் என்று யோசித்தவர்கள் உண்டு. ஆனால் ஜனங்கள் யாருடைய யோசனைக்கும் காத்திருக்கவில்லை. மூட்டை முடிச்சுகளோடு திரும்பி வந்து இடிந்த சுவர்களுக்குள் குடியேறத் தொடங்கிவிட்டார்கள். பிப்ரவரியில் தலைநகரப் புனரமைப்பு அலுவலகம் ஏற்பட்டது. அதன் புராதனச் சின்னங்கள் பகுதிக்குத் தலைவராக இருந்தவர் யான் ஸக்வாடோவிச் என்ற கட்டடக் கலை நிபுணர்.

அவருக்கு ஒரு பொக்கிஷம் கிடைத்தது. போருக்கு முன்னாலேயே வார்ஸா தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் பழைய கட்டடங்களை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடங்கள் போட்டிருந்தார்கள். ஊர் எரிந்து கொண்டிருந்தபோது அந்தக் காகிதங்களை ரகசியமாகக் கடத்திக்கொண்டு போய், பியோட்ர்கூவ் என்ற ஊரில் ஒரு பழைய மடத்தில் ஒளித்து வைத்தார்கள். அந்தக் காகிதங்களையும், போட்டோக்களையும், பெல்லோட்டோவின் சித்திரங்களையும் விரித்து வைத்துக்கொண்டு நகரத்தை மறுபடி கட்டினார்கள். 1953 ஜூலை 22-இல் பழைய நகரச் சதுக்கம் திறக்கப்பட்டது. அரண்மனைக்கு மட்டும் இன்னும் பல காலம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1971-இல்தான் கட்ட முடிவு செய்தார்கள்; ஜனங்கள் கொடுத்த நன்கொடையில் கட்டி, 1984-இல் பார்வைக்குத் திறந்தார்கள். லோரென்ட்ஸின் கூட்டத்தார் காப்பாற்றி வைத்த துண்டுகளை அவை அவை இருந்த இடத்திலேயே பொருத்தினார்கள். பெல்லோட்டோவின் 22 படங்கள் அங்கே தனி அறையில் தொங்குகின்றன. படத்தைப் பார்த்துவிட்டு வீதிக்கு வந்தால், படத்துக்குள்ளேயே நடப்பது போலிருக்கிறது.

இவ்வளவையும் கேட்ட பிறகு, 'செட்டு' என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஆனால் கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு ஒரு துர்ப்புத்தி உண்டு. அச்சாக அப்படியே இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், எதை மாற்றினீர்கள் என்று கேட்கத் தோன்றும். மாற்றங்கள் உண்டுதான். பெல்லோட்டோவே அழகுக்காகச் சில இடங்களில் உள்ளதைத் திருத்தி வரைந்தவர். அவர் திருத்தங்களும் சில சுவர்களில் ஏறிவிட்டன. புனித யோவான் தேவாலயத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வைத்த முகப்பைத் திரும்ப வைக்காமல், பழைய காதிக் பாணியில் செங்கல் முகப்பாக ஸக்வாடோவிச் புதிதாக அமைத்தார். வீடுகளின் வெளிமுகம் பழைமை. உள்ளே குளியலறையோடு கூடிய புதுக் குடியிருப்பு. முன்பு இருட்டும் ஈரமுமாக இருந்த பின்கட்டுகளை எழுப்பாமலே விட்டு, காற்றும் வெளிச்சமும் வர இடம் செய்தார்கள். செங்கல்லுக்காகப் போலந்து வசமான ஜெர்மன் நகரங்களிலிருந்த கட்டடங்களை இடித்து ரயிலில் ஏற்றி வந்தார்கள். ஓர் ஊரின் பழைமையை எழுப்ப இன்னோர் ஊரின் பழைமை செங்கல்லாயிற்று.

இவையெல்லாம் சின்ன விஷயங்கள். பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. யூதர்கள் அடைபட்டிருந்த முரனோவ் பகுதியில் எந்தப் பழைய தெருவும் திரும்ப எழவில்லை. அங்கே இடிபாட்டை அகற்றவும் முடியவில்லை. அதை அப்படியே மேடாக நிரவி, அதன்மேல் புதுக் குடியிருப்புகளைக் கட்டினார்கள். பல வீடுகளுக்கு வீதியிலிருந்து படியேறிப் போக வேண்டும். அந்தப் படிகள் ஏன் இருக்கின்றன என்று தெரிந்து கொண்டு ஏறுவது லேசான காரியமல்ல. 1948-இல் அங்கே எழுப்பிய நினைவுச் சின்னத்தின் முன்தான், 1970 டிசம்பர் 7-இல் மேற்கு ஜெர்மனியின் பிரதமர் வில்லி பிராண்ட் யாரும் எதிர்பாராமல் மண்டியிட்டார்.

மடத்தில் ஒளித்த காகிதங்களைப் பற்றிச் சொன்னேன். முரனோவிலும் காகிதங்களை ஒளித்து வைத்தார்கள். இம்மானுவேல் ரிங்கல்ப்ளூம் என்ற சரித்திர ஆசிரியரும் அவருடைய தோழர்களும் மதிலுக்குள் நடந்ததையெல்லாம் எழுதிச் சேர்த்தார்கள். டயரி, கடிதம், ரேஷன் சீட்டு, குழந்தைகளின் பள்ளிக் கட்டுரை ஒன்றையும் விடவில்லை. எல்லாவற்றையும் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் அடைத்து மண்ணுக்குள் புதைத்தார்கள். ரிங்கல்ப்ளூமை 1944-இல் குடும்பத்தோடு கொன்றுவிட்டார்கள். 1946-இல் பெட்டிகளும் 1950-இல் இரண்டு பால் கேன்களும் கிடைத்தன. மூன்றாவதாகப் புதைத்த பகுதி கிடைக்கவேயில்லை.

ஆக, ஒரே ஊரில் இரண்டு புதையல்கள். ஒன்றில் வீடுகளின் அளவு இருந்தது. அதை வைத்துக்கொண்டு வீடுகளை எழுப்ப முடிந்தது. மற்றதில் மனிதர்களின் வாழ்க்கை இருந்தது; அதை வைத்துக்கொண்டு எந்த நிபுணராலும் ஒருவரையும் எழுப்ப முடியவில்லை.

1980-இல் யுனெஸ்கோ சபை வார்ஸாவின் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அப்போது அந்தச் சதுக்கத்துக்கு வயது 27. வயதைக் கேட்கும் நம் அளவுகோல் அங்கே முறிந்து போகிறது. அந்த வீடுகள் பொய்யல்ல என்பதுதான் என் முடிவான அபிப்பிராயம். எதிரி அழித்ததை அழிந்ததாக ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்று ஒரு ஜனசமூகம் செங்கல்லில் எழுதிய பிரதிக்ஞை அது. ஆனால் பிரதிக்ஞையில் சேராதவர்கள் யார் என்பதையும் பார்க்கிறவன் தெரிந்துகொள்ள வேண்டும். சேர்க்காமல் விடுவது அரசாங்கங்களுக்கு எளிது. 1944 எழுச்சியைப் பற்றியே கம்யூனிஸ்டு சர்க்கார் வெகுகாலம் உரக்கப் பேச விடவில்லை; அதற்கென்று ஒரு பெரிய அருங்காட்சியகம் 2004-இல்தான் வந்தது. யூதர்களின் சரித்திரத்தைச் சொல்லும் போலின் அருங்காட்சியகம் 2013-இல் திறக்கப்பட்டது.

வார்ஸாவுக்குப் போகிறவர்கள் அரண்மனையைப் பார்த்துவிட்டு, சற்றுத் தூரம் நடந்து யூத சரித்திர ஆராய்ச்சிக் கழகத்துக்கும் போக வேண்டும். அந்தப் பால் கேன்களில் ஒன்றை அங்கே பார்க்கலாம். கழகத்துக்கு அடுத்த மனையில்தான் தகர்த்தெறியப்பட்ட பெரிய யூத ஆலயம் இருந்தது. அதற்கு வரைபடம் கிடைக்காமல் இல்லை, போட்டோவும் உண்டு. வந்து தொழுவதற்குத்தான் ஆளில்லை. அந்த இடத்தில் நீலக் கண்ணாடி பதித்த ஓர் உயரமான ஆபீஸ் கட்டடம் நிற்கிறது.