மேற்கு வங்க அகவிலைப்படி வழக்கு: ஒரே அரசு, இரு விகிதங்கள் ஏன்?

கொல்கத்தா: தெற்குக் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பகுதியில் வசிக்கும் மத்திய அரசு ஊழியரும் மாநில அரசு ஊழியரும் ஒரே சந்தையில் ஒரே விலைக்கு அரிசியும் மீனும் வாங்குகின்றனர். ஆனால், விலைவாசி உயர்வை ஈடுசெய்ய வழங்கப்படும் அகவிலைப்படி இருவருக்கும் ஒன்றல்ல. இந்த வேறுபாடே உச்ச நீதிமன்றம் வரை சென்ற நீண்ட வழக்கின் மையமாகும்.

அகவிலைப்படி என்பது என்ன?

பணவீக்கத்தால் ஊதியத்தின் வாங்கும் திறன் குறையாமல் காக்க, அடிப்படை ஊதியத்தின் குறிப்பிட்ட சதவீதமாக வழங்கப்படும் தொகையே அகவிலைப்படி. தொழிலாளர்களுக்கான அகில இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணின் 12 மாத சராசரியைக் கொண்டு, மத்திய அரசு ஜனவரி, ஜூலை மாதங்களை அடிப்படையாக வைத்து ஆண்டுக்கு இருமுறை இதை மாற்றியமைக்கிறது. தமிழ்நாடு அரசு பொதுவாக மத்திய அரசின் விகிதத்தையே பின்பற்றுகிறது.

2025 ஜனவரி முதல் மத்திய அரசின் விகிதம் 55 சதவீதமாக இருந்தது. தமிழ்நாட்டிலும் அதே அளவு இருந்தது. மேற்கு வங்கத்தில் 2025 ஏப்ரல் முதல் 18 சதவீதமாக இருந்தது. இரு அரசுகளின் ஊதிய அமைப்பு வேறு என்றாலும், ரூ.30,000 அடிப்படை ஊதியத்துக்குக் கணக்கிட்டால் அந்த விகிதங்களின்படி ஒருவருக்கு ரூ.16,500, மற்றவருக்கு ரூ.5,400 கிடைத்திருக்கும். மாத வித்தியாசம் ரூ.11,100.

சென்னையில் பணியாற்றினால்?

வழக்கில் தமிழ் வாசகர்கள் கவனிக்கத்தக்க ஓர் அம்சம் உண்டு. டெல்லியில் உள்ள வங்க பவன், சென்னையில் உள்ள இளைஞர் விடுதி ஆகியவற்றில் பணியாற்றும் மேற்கு வங்க அரசு ஊழியர்களுக்கு, கொல்கத்தாவில் உள்ளவர்களைவிடக் கூடுதல் விகிதத்தில் அகவிலைப்படி வழங்கப்பட்டது. ஒரே அரசின் ஊழியர்களிடையே இவ்வாறு பாகுபாடு காட்டலாமா என ஊழியர் சங்கத்தினர் கேள்வி எழுப்பினர்.

வழக்கு கடந்து வந்த பாதை

2009ஆம் ஆண்டின் ஊதியம் மற்றும் படிகள் திருத்த விதிகளின் கீழ் சேர்ந்த நிலுவைத் தொகையைக் கோரி ஊழியர்கள் மாநில நிர்வாகத் தீர்ப்பாயத்தை அணுகினர். அகவிலைப்படி அரசின் விருப்பத்துக்கு உட்பட்டது எனக் கூறி, 2017 பிப்ரவரியில் தீர்ப்பாயம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

2018 ஆகஸ்ட் 31 அன்று கொல்கத்தா உயர் நீதிமன்றம், அகவிலைப்படி சட்டப்படி கோரத்தக்க உரிமை எனத் தீர்ப்பளித்தது. விகிதம், பாகுபாடு ஆகிய கேள்விகளை மீண்டும் தீர்ப்பாயத்துக்கு அனுப்பியது. 2019 ஜூலையில் தீர்ப்பாயம் ஊழியர்களுக்குச் சாதகமாக உத்தரவிட்டது. 2022 மே 20 அன்று அதை உறுதிசெய்த உயர் நீதிமன்றம், மூன்று மாதங்களில் நிலுவையை வழங்கப் பணித்தது. மாநில அரசு உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது.

வீதிக்கு வந்த போராட்டம்

2023 ஜனவரி இறுதியில் கொல்கத்தா சாகித் மினார் அருகே ஊழியர்கள் தொடர் தர்ணாவைத் தொடங்கினர். பிப்ரவரியில் இரு நாள்கள் அலுவலகத்துக்கு வந்தும் பணிபுரிய மறுத்தனர். மார்ச் 10 அன்று வேலைநிறுத்தம் நடைபெற்றது. பங்கேற்போர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என அரசு எச்சரித்தது.

இரு தரப்பு வாதங்கள்

அகவிலைப்படி அடிப்படை உரிமை அல்ல. மத்திய அரசின் விகிதத்தைப் பின்பற்றும் கட்டாயம் மாநிலத்துக்கு இல்லை. நிதிச்சுமையைத் தாங்க இயலாது என்பது அரசின் நிலைப்பாடு. ஊழியர்கள் சுட்டிக்காட்டுவது அரசே வகுத்த விதிகளை. அவற்றில் அகில இந்தியக் குறியீட்டெண் இடம்பெற்ற பின், அதைப் புறக்கணித்து விகிதத்தை நிர்ணயிக்க முடியாது என்கின்றனர்.

2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம், நிலுவையில் 25 சதவீதத்தை மூன்று மாதங்களுக்குள் வழங்குமாறு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அரசு மேலும் ஆறு மாத அவகாசம் கோரியது. வாதங்கள் நிறைவடைந்து, 2025 செப்டம்பரில் தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது.

நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி, விதிகளின்படி சேர்ந்த ஊதியப் பலனை ஓர் அரசு மறுக்க முடியுமா என்பதே நீதிமன்றத்தின் முன் நின்ற கேள்வி. இதற்கான விடை மற்ற மாநிலங்களின் ஊதியப் பேச்சுவார்த்தைகளிலும் மேற்கோள் காட்டப்படக்கூடும்.