புதுச்சேரியில் மின் ஈருருளிப் பயணம்

மின் ஈருருளி என்பது பெட்ரோல் பொறிக்குப் பதிலாக மின்கல அடுக்கினால் இயங்கும் மின்னோடி பொருத்தப்பட்ட இருசக்கர வண்டியாகும். பேச்சுவழக்கில் இது பேட்டரி வண்டி எனப்படுகிறது. பெரும்பாலான சிறு வண்டிகளில் மின்னோடி பின்சக்கரத்தின் குடத்திலேயே அமைந்திருக்கும். எனவே சங்கிலியோ பல்லிணைப் பெட்டியோ தேவைப்படுவதில்லை. புதுச்சேரி நகரில் அலுவலகம், கல்லூரி, கடை ஆகியவற்றுக்கு நாள்தோறும் சென்று வர இவ்வண்டி பயன்படுத்தப்படுகிறது.

நகர அமைப்பும் தொலைவும்

பழைய நகரம் முட்டை வடிவிலான புல்வார் சாலைகளுக்குள் அடங்கியது. உள்ளே தெருக்கள் நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. நிலம் ஏறக்குறைய சமதளம். இத்தகைய ஊரில் வேகம் பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் புழங்கிய பூஸ்-பூஸ் என்னும் தள்ளுவண்டியில், ஓர் ஆள் பின்னாலிருந்து தள்ள, உள்ளே அமர்ந்திருப்பவர் கைப்பிடியால் முன்சக்கரத்தைத் திருப்பிச் செல்வார். பின்னர் மிதிவண்டி பரவியது. மெதுவாகச் செல்லும் மின் ஈருருளியும் இவ்வரிசையில் பொருந்துவதே.

நாள்தோறும் ஊருக்குள் வருவோரின் தொலைவுகளும் குறைவு. நகர மையத்திலிருந்து கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனை சுமார் 5 கி.மீ., வில்லியனூர் சுமார் 10 கி.மீ., காலாப்பட்டிலுள்ள புதுவைப் பல்கலைக்கழகம் சுமார் 12 கி.மீ. தொலைவில் உள்ளன. ஒருமுறை மின்னேற்றினால் 50 கி.மீ. செல்லும் வண்டி இவற்றில் எதற்கும் சென்று திரும்பப் போதுமானது. கோரிமேடு பெயருக்கேற்ப மேட்டில் உள்ளது. இருவர் அமர்ந்து ஏறும்போது சிறு மின்னோடியின் வேகம் கண்கூடாகக் குறையும்.

சட்ட நிலை

1989ஆம் ஆண்டின் நடுவண் மோட்டார் வாகன விதிகளின்படி, மின்னோடியின் ஆற்றல் 250 வாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் மிகாமல் இருந்து, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தால் சான்றளிக்கப்பட்ட வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. இதற்குப் பதிவும் ஓட்டுநர் உரிமமும் தேவையில்லை. மாணவர்கள், முதியவர்கள் ஆகியோர் இதனை விரும்புவதற்கு இதுவே முதன்மைக் காரணம் எனலாம். இவ்வரம்பைத் தாண்டும் வண்டிகளுக்குப் பதிவு, உரிமம், காப்பீடு மூன்றும் கட்டாயம். அவற்றின் எண்பலகை பச்சை நிறத்தில் இருக்கும்.

இச்சலுகைக்கு மறுபக்கமும் உண்டு. கட்டாயக் காப்பீடு இல்லாத வண்டியால் ஒருவர் காயமுற்றால் இழப்பீடு பெறுவது கடினம். விற்பனைக்குப் பின் கட்டுப்பாட்டுக் கருவியை மாற்றி வேகத்தைக் கூட்டினால், அவ்வண்டி விதிவிலக்கை இழந்து பதிவில்லாத மோட்டார் வாகனமாகிவிடும். காலாப்பட்டு செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேறொரு சிக்கலும் உள்ளது. பேருந்துகள் விரைந்து செல்லும் அச்சாலையில் 25 கி.மீ. வேகத்தில் செல்பவர் ஓரத்திலேயே ஒதுங்கிச் செல்ல நேர்கிறது. (அச்சாலை இடையில் கோட்டக்குப்பம் உள்ளிட்ட தமிழ்நாட்டுப் பகுதிகளைக் கடந்தே மீண்டும் புதுச்சேரி எல்லைக்குள் நுழைகிறது.)

செலவும் மின்சாரமும்

சிறிய மின் ஈருருளி ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 35 வாட்-மணி மின்சாரம் கொள்ளும். வில்லியனூரிலிருந்து நகருக்கு வந்து திரும்பும் 20 கி.மீ. பயணத்துக்கு, மின்னேற்றும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கும் குறைவாகவே செலவாகும். அதே தொலைவுக்குப் பெட்ரோல் ஸ்கூட்டருக்கு அரை லிட்டர் அளவு வேண்டும். எனினும் புதுச்சேரியில் பெட்ரோல் வரி தமிழ்நாட்டைவிடக் குறைவு. அண்டை மாவட்டத்தினர் இங்கு வந்து நிரப்பிச் செல்வது வழக்கம். ஆகவே மின் வண்டியால் கிடைக்கும் சேமிப்பு கடலூர்க்காரருக்குக் கிடைப்பதைவிடப் புதுச்சேரிக்காரருக்குச் சற்றுக் குறைவு. மின்கல அடுக்கை மாற்றும் செலவையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஈய-அமில மின்கலங்கள் விலை குறைந்தவை, ஆனால் எடை மிகுந்தவை. சில நூறு மின்னேற்றங்களிலேயே தளர்ந்துவிடும். லித்தியம்-அயனி மின்கலங்கள் அவற்றைவிட நெடுநாள் உழைக்கும்.

வண்டி புகை விடுவதில்லை என்பது தெருவளவில் உண்மை. காரைக்காலிலுள்ள 32.5 மெகாவாட் எரிவாயு நிலையம் தவிரப் பெரும்பாலான மின்சாரத்தைப் புதுச்சேரி வெளியிலிருந்தே பெறுகிறது. அதில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி மின்சாரமும் அடங்கும். நகரத்தெரு தவிர்க்கும் புகையில் ஒரு பகுதி நெய்வேலி வானில் கலக்கிறது.

மழையும் தீயும்

2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது 24 மணி நேரத்தில் 48.4 செ.மீ. மழை பதிவானது. கிருஷ்ணா நகர், ஜீவானந்தபுரம் போன்ற பகுதிகள் நீரில் மூழ்கின. ஐபி67 தரக்குறியீடு பெற்ற மின்கல அடுக்கு ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் தாக்குப்பிடிக்கும். இரவு முழுதும் நீரில் நிற்கும் வண்டிக்கு அது போதாது. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் தாக்கியபோது பல நாட்கள் மின்சாரமே இல்லை. மின் வண்டியை மட்டும் நம்பியிருப்போர்க்கு இத்தகைய நாட்கள் நடைப்பயண நாட்களே. கடலோர உப்புக்காற்றில் மின் இணைப்பு முனைகளும் விரைவில் அரிக்கப்படுகின்றன.

2022 மார்ச்சில் வேலூரில், இரவில் வீட்டில் மின்னேற்றிக்கொண்டிருந்த ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் உயிரிழந்தனர். அவ்வாண்டு நாட்டில் நிகழ்ந்த இத்தகைய தீ விபத்துகளை அடுத்து, மின்கலங்களுக்கான பாதுகாப்புத் தரம் 2022 டிசம்பர் முதல் கடுமையாக்கப்பட்டது. நெருக்கமான தெருக்களில் தனி நிறுத்துமிடம் இல்லாத வீட்டினர், மின்கலத்தைக் கழற்றி மாடிக்கு எடுத்துச் சென்றோ நடையிலோ மின்னேற்றுகின்றனர். வெளியேறும் வழியில் வைத்து மின்னேற்றாமலும், உறங்கும் நேரத்தைத் தவிர்த்தும், வெயிலில் ஓடிவந்த மின்கலத்தைச் சற்று ஆறவிட்டும் மின்னேற்றுவது பாதுகாப்பானது.