சைக்கிள் சாப்பிடாது

மூக்கைத் தேய்க்க ஒரு கை வேண்டும். எட் ஜெஸ்ஸனிடம் அந்த ஒரு கைதான் இல்லை.

தப்பாக நினைக்காதீர்கள். இரண்டு கைகளும் நன்றாகவே இருந்தன. ஆனால் இரண்டுமே ஹேண்டில்பாரில் இருந்தன. ஒன்றை எடுத்தால் விழுந்துவிடுவார். எடுக்காவிட்டால் மூக்கு உறைந்துவிடும். மனிதர் சைக்கிள் ஓட்டப் பழகியே சில நாள்தான் ஆகியிருந்தது.

1900-ம் வருடம், பிப்ரவரி 22. கனடாவின் வடமேற்கு மூலையில் இருக்கும் டாசன் நகரம். மைனஸ் 29 டிகிரி. நம் ஊரில் மார்கழிக் காலை 20 டிகிரிக்கே மஃப்ளரைத் தேடுகிறோம். பூஜ்ஜியத்துக்கும் கீழே 29! அந்தக் குளிரில், உறைந்து கிடந்த யூகான் ஆற்றின் மீது, அலாஸ்காவின் மேற்குக் கோடியில் உள்ள நோம் நகரத்துக்கு சைக்கிளில் கிளம்பினார் ஜெஸ்ஸன். தூரம் கிட்டத்தட்ட 1,600 கிலோமீட்டர்.

எதற்கு இந்த விபரீதம்? வேறு எதற்கு, தங்கத்துக்குத்தான்.

1896-ல் டாசன் பக்கத்தில், க்ளோண்டைக்கில், தங்கம் கிடைத்தது. உலகமே அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடியது. லேட்டாகப் போனவர்களுக்கு ஒன்றும் மிச்சமில்லை. எல்லா இடத்தையும் முதலில் வந்தவர்கள் வளைத்துப் போட்டுவிட்டார்கள். என்ன செய்யலாம் என்று கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது 1898-ல் நோமில் தங்கம் கிடைத்தது. அடுத்த வருடக் கோடையில் அங்கே கடற்கரை மணலிலேயே தங்கத் துகள். சல்லடை இருந்தால் போதும், சலிக்கலாம்.

கோடையில் என்றால் ஆற்றில் படகு போகும். குளிர்காலத்தில் நடக்கவேண்டும், அல்லது நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டி வேண்டும். நான் பி.காம். படித்தவன். வரவு செலவு பார்க்காமல் என்னால் இந்தக் கதையைத் தாண்டிப்போக முடியவில்லை.

ஜெஸ்ஸன் சைக்கிளுக்குக் கொடுத்த விலை 150 டாலர். அன்றைக்கு ஒரு அவுன்ஸ் சுத்தத் தங்கம் 20 டாலர் 67 சென்ட். அதாவது அந்த சைக்கிளின் விலை ஏறத்தாழ 28 பவுன்! பைத்தியக்காரத்தனம் என்று தோன்றும். ஆனால் நாய்களும் மலிவில்லை. வாங்கினால் மட்டும் போதாது, தினமும் தீனி போடவேண்டும். அந்தத் தீனியையும் அதே நாய்கள்தான் இழுக்கவேண்டும். தங்கும் விடுதியில் அவற்றுக்கும் சேர்த்துக் காசு. சைக்கிள் சாப்பிடாது. தூங்காது. சண்டை போடாது.

கணக்கு சரிதான். குளிரை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

சைக்கிள் வேலையைக் காட்டியது. சக்கரம் சுற்ற மறுத்தது. பால்ரஸ் குண்டுகளுக்கு நடுவே இருந்த எண்ணெய் உறைந்துவிட்டது. சக்கரம் வழுக்கிக்கொண்டு ஓடத்தான் எண்ணெய் விடுகிறோம். அந்தக் குளிரில் அது பசை மாதிரி இறுகிப் பிடித்துக்கொண்டது. ரப்பர் டயர் இரும்புக் குழாய் போல விறைத்தது. டயருக்குள்ளே இருந்த காற்றும் சும்மா இருக்காது, குளிரில் சுருங்கும். 20 டிகிரி வெப்பமுள்ள அறையில் காற்றடித்துக்கொண்டு இந்தக் குளிருக்குள் வந்தால், துளிகூடக் கசியாமலேயே அழுத்தம் சுமார் ஐந்தில் ஒரு பங்கு இறங்கிவிடும்.

சரி, மூக்குக்கு வருவோம். மைனஸ் 29 என்பது காற்று வீசாதபோது. சைக்கிளில் போகிறவர் தனக்கான காற்றைத் தானே உண்டாக்கிக்கொள்கிறார். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போனாலே அந்தக் குளிர் தோலுக்கு மைனஸ் 40 மாதிரி உறைக்கும். வேகமாக மிதித்தால் உடம்பு சூடாகும், மூக்கும் விரல்களும் இன்னும் சீக்கிரம் விறைக்கும். மெதுவாகப் போனால் மூக்கு பிழைக்கும், உடம்பு குளிரும். எப்படிப் போனாலும் சிக்கல்.

இன்னொரு எதிரி உண்டு. வியர்வை. மைனஸ் 29-ல் வியர்க்குமா என்று கேட்காதீர்கள். மிதித்துப் பாருங்கள், வியர்க்கும். மிதிக்கும்வரை ஒன்றும் தெரியாது. நிறுத்தியதும் ஈரத்துணி ஐஸாகும். அதனால்தான் குளிர்ப் பிரதேசத்து சைக்கிள்காரர்கள் இன்றைக்கும் ஒரு பால பாடம் சொல்வார்கள்: கிளம்பும்போது லேசாகக் குளிரவேண்டும். கிளம்பும்போதே கதகதப்பாக இருந்தால் கூடுதலாகப் போட்டிருக்கிறாய், ஒன்றைக் கழற்று.

ஜெஸ்ஸன் விழுந்து, எழுந்து, தட்டிக்கொண்டு, போய்க்கொண்டே இருந்தார். கையோடு செய்தித்தாள்கள் கொண்டுபோனார். மாதக்கணக்கில் வெளியுலகச் சேதியே தெரியாமல் பனிக்குள் கிடந்தவர்களுக்கு அது விருந்து. சுமார் ஐந்து வாரத்தில் நோம் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அவர் கிளம்பி எட்டு நாள் கழித்து, மார்ச் 2-ம் தேதி, அதே டாசனிலிருந்து இன்னொரு சைக்கிள் புறப்பட்டது. ஓட்டியவர் மாக்ஸ் ஹிர்ஷ்பெர்க். இருபது வயதை ஒட்டிய பையன். உண்மையில் நாய்வண்டியில் முன்பே போயிருக்கவேண்டியவன். ஜனவரியில் ஒரு தீ விபத்து, அந்தக் கலவரத்தில் காலில் ஆணி, ரத்தத்தில் விஷம் ஏறிப் படுக்கை. எழுந்து வருவதற்குள் வசந்தம் நெருங்கிவிட்டது. ஆற்றுப் பனி உடைவதற்குள் போயாகவேண்டும். சைக்கிள்தான் வேகம்.

இவன் ஏற்பாடுகளைப் பாருங்கள். ஃபிளானல் சட்டை. அதன் மேல் முரட்டுக் கம்பளிக் கோட்டு. அதற்கும் மேல் காற்றுப் புகாத ஓர் அங்கி. இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ். காதை மூடும் ரோமத் தொப்பி. ரோமக் கையுறை. ஹேண்டில்பாரில் ஒரு பெரிய ரோமப் போர்வை. சீட்டுக்குப் பின்னால் மாற்றுத் துணி, தீப்பெட்டி, நனையாத உறையில் டைரி. இடுப்பில் ஒரு பெல்ட், அதற்குள் அத்தை தைத்துக் கொடுத்த தங்கக் காசுகள். எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று, மூக்குக்குத் தனியாக ஒரு ரோம உறை.

ஜெஸ்ஸன் தவித்த தவிப்புக்கு விடை கையகல ரோமத்துண்டு. அவ்வளவுதான்.

இத்தனையும் இருந்தும் பையன் தப்பித்தது அதிர்ஷ்டம். தாமதமாகக் கிளம்பியதற்கு விலை கொடுக்கவேண்டியிருந்தது. பனி இளகத் தொடங்கிவிட்டது. ஷாக்டூலிக் என்ற ஆற்றைக் கடக்கும்போது தண்ணீருக்குள் விழுந்தான். உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். கைக்கடக்கமாக வைத்திருந்த தங்கத்தூள் பை போய்விட்டது. மதிப்பு 1,500 டாலர். நம் கணக்கில் 280 பவுனுக்கு மேல். ஒரு நிமிடத்தில் ஆறு கொண்டுபோய்விட்டது.

கதை இதோடு முடியவில்லை. நோமை நெருங்கும்போது செயின் அறுந்தது. பெடல் இருந்து என்ன பிரயோஜனம்? ஆனால் முதுகுப் பக்கமிருந்து பலத்த காற்று. பையன் யோசித்தான். அந்தக் கம்பளிக் கோட்டைக் கழற்றினான். ஒரு குச்சியைக் கொடுத்து முதுகில் பாய்மரமாக விரித்துக் கட்டினான். பனிமேல் படகுபோல் சைக்கிள் ஓடியது. மே 19-ம் தேதி நோம் வந்து சேர்ந்தான். அடுத்த மாதமே கப்பல் கப்பலாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். அந்த வருட சென்சஸில் நோமின் ஜனத்தொகை 12,488. அந்தக் கப்பல் கூட்டத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தவன், கையில் இருந்த தங்கத்தைத் தொலைத்துவிட்டு வந்திருந்தான். 1950-களில், மனைவி கேட்டுக்கொண்டதற்காக இதையெல்லாம் எழுதி வைத்தார்.

இன்றைக்கு அலாஸ்காவில் பனிமேல் சைக்கிள் ஓட்டுவது ஒரு விளையாட்டு. 1987-லேயே போட்டி தொடங்கிவிட்டது. டயரின் அகலம் நான்கு அங்குலத்தையும் தாண்டிவிட்டது. அதில் வேண்டுமென்றே காற்றைக் குறைத்து வைக்கிறார்கள், ஒட்டகத்தின் பாதம்போல் பனியில் புதையாமல் பரவுவதற்காக. பழைய கிரீஸை வழித்தெடுத்துவிட்டுக் குளிரில் இறுகாத மெல்லிய எண்ணெய் விடுகிறார்கள். ஹேண்டில்பாரிலேயே கைகளை நுழைத்துக்கொள்ள இரண்டு பெரிய உறைகள். ராத்திரி சைக்கிளைக் கதகதப்பான அறைக்குள் கொண்டுவர யோசிப்பார்கள். உள்ளே வந்தால் அதன்மேல் ஈரம் படியும். மறுபடி வெளியே போனதும் அந்த ஈரம் ஐஸாகி பிரேக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்.

இதில் பாதி, ஜெஸ்ஸனும் ஹிர்ஷ்பெர்க்கும் மூக்கைப் பணயம் வைத்துத் தெரிந்துகொண்டது.

பி.காம். புத்தி கடைசியாக ஒருமுறை கணக்கு பார்க்கச் சொல்கிறது. 280 பவுன் தங்கம் அந்தப் பையனை ஓரடிகூட நகர்த்தவில்லை. குளிருக்கு என்று எடுத்துப்போன கோட்டுதான் ஊர்கொண்டு சேர்த்தது.