சேதுராம ஐயர்: டம்மியிலிருந்து பேஸ்மேக்கர் வரை

ஜேம்ஸ் பாண்டுக்கு 1962-லிருந்து 2021 வரைக்கும் ஆறு பேர் கோட் மாட்டியாச்சு. நம்ம பக்கத்து வீட்டு மலையாளத்துல, சி.பி.ஐ. அதிகாரி சேதுராம ஐயருக்கு 34 வருஷமா ஒரே ஆள்தான். எர்ணாகுளம் சட்டக் கல்லூரியில் படித்த மம்மூட்டி! 'ஒரு சி.பி.ஐ. டைரிக்குறிப்பு' (1988) வந்தப்போ வயசு 36, 'சி.பி.ஐ. 5' (2022) வந்தப்போ 70. ஐந்து படத்துக்கும் இயக்கம் கே.மது, எழுத்து எஸ்.என்.சுவாமி.

முதல் படத்துக்குத் தூண்டுதல் எர்ணாகுளத்தில் நடந்த ஒரு மரண வழக்கு. படத்தில் ஒரு பெண் மாடியிலிருந்து விழுந்து இறக்கிறாள். தற்கொலை என்று உள்ளூர் போலீஸ் கேஸை மூடிவிடுகிறது. குங்குமப் பொட்டோடு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஐயர் வருகிறார். மாடியிலிருந்து ஒரு டம்மியைப் போடச் சொல்கிறார். தானாக விழுந்தால் எங்கே கிடக்கும், யாராவது தூக்கிப் போட்டால் எங்கே? தியேட்டர்ல இருந்தவனும் கூடவே கணக்குப் போட்டான். சென்னையில் மலையாளத்திலேயே அது மாசக்கணக்கா ஓடினதுக்கு, ஷ்யாமின் பின்னணி இசையோட இதுவும் காரணம் என்பேன்.

'ஜாக்ரதா' (1989) சுமார்தான். 2004-ல் வந்த மூன்றாவது படத்தில் மரண தண்டனைக் கைதி, "இந்த ஒரு கொலை மட்டும் நான் பண்ணலை" என்கிறான். பிரமாதமான முடிச்சு!

2022-லோ பேஸ்மேக்கரை ஹேக் செய்து கொலை. ஐயர் விளக்குகிறார், நாம தலையாட்டுகிறோம், அவ்வளவுதான். 2012 விபத்துக்குப் பிறகு நடிக்க முடியாமலிருந்த ஜகதி ஸ்ரீகுமார், பழைய விக்ரமாகச் சில நிமிஷம் வருகிறார். படத்தில் எனக்குத் தங்கியது அது மட்டும்தான்.