இதய மறுஒத்திசைவுக் கருவி

இதயச் செயலிழப்பில், இடது கற்றைக் கிளை அடைப்பால் (மின்கடத்தல் தடையால்) இடது கீழறையின் சுவர்கள் முன்பின்னாகச் சுருங்கும்போது, அவற்றை ஒருசேரச் சுருங்கவைக்கப் பொருத்தப்படும் மின்தூண்டல் கருவி; சி.ஆர்.டி. எனச் சுருக்கமாக வழங்கும். அமெரிக்காவில் 2001இல் ஒப்புதல் பெற்றது. காறை எலும்புக்குக் கீழே தோலடியில் வைத்த பேட்டரிப் பெட்டியிலிருந்து பொதுவாக மூன்று கம்பிகள் சிரை வழியே செல்லும்: வலது மேலறைக்கு ஒன்று, வலது கீழறைக்கு ஒன்று, மூன்றாவது இதயத்தின் பெருஞ்சிரையான கொரோனரி சைனஸுக்குள் நுழைந்து இடது கீழறையின் வெளிப்புறச் சிரையை அடையும். கையாளக் கடினமானது இதுவே. ஈசிஜியில் கீழறைகளின் மின்தூண்டலைக் காட்டும் கியூஆர்எஸ் அலையின் அகலம் 150 மில்லிநொடியைத் தாண்டியவர்களுக்குப் பலன் அதிகம்.

சீரற்ற துடிப்பின் மீது இதன் விளைவு ஒரே மாதிரி இருப்பதில்லை. விரிந்த கீழறை பழைய அளவை நோக்கித் திரும்பும் நோயாளிகளிடம் ஆபத்தான கீழறை மிகைத்துடிப்பு குறைகிறது. அரிதாக, இடது கம்பியின் தூண்டலே அதைக் கிளப்பிவிடுவதும் உண்டு. மேலறைகள் ஒழுங்கற்று நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் சிக்கல்: தாறுமாறான வேகத் துடிப்பு கருவியை முந்திக்கொள்ள, சிகிச்சையின் பலன் குறைந்துவிடும். மருந்துக்கு வேகம் அடங்காவிட்டால் மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் ஏவி கணுவைச் சுட்டுத் துண்டிப்பார்கள். பிறகு துடிப்புக்கு அந்த நோயாளி கருவியையே நம்பியிருக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் நிறுத்தும் திறனும் சேர்ந்த வகைக்கு சி.ஆர்.டி.-டி என்று பெயர்.