செந்நாய்

செந்நாய் (அறிவியல் பெயர்: கியூவான் ஆல்பினஸ்) கூட்டமாக வாழ்ந்து, பெரும்பாலும் பகல் வெளிச்சத்தில் வேட்டையாடும் காட்டு விலங்கு. தமிழ்நாட்டில் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், குறிப்பாக முதுமலைப் பகுதியில், இதைக் காணலாம். செம்பழுப்பு உடல், அடர்ந்த கறுத்த வால், நுனி வட்டமான காது, குட்டை மூக்கு. எடை 12 முதல் 20 கிலோ. காட்டுநாய் என்றும் அழைப்பார்கள். இந்தப் பெயர் தவறாக எண்ண வைக்கிறது. ஏனென்றால், நாம் அறிந்த நாய்க்கும் இதற்கும் உள்ள உறவு மிகத் தொலைவானது.

நாயின் உண்மையான உறவை அறிய ஆரணியின் நெசவாளர் தெரு போதும். விடியற்காலையில் பட்டுப் பாவை நீட்டிச் சரிசெய்யும் தெருவோரத்தில் சுருண்டு படுத்திருக்கும் மஞ்சள் நிற நாட்டுநாயைப் படமெடுத்து, ஆஸ்திரேலியாவின் டிங்கோ படத்துக்கு அருகில் வைத்துப் பாருங்கள். விறைத்த கூர்ங்காது, மணல் நிறம், ஒடுங்கிய வயிறு என எல்லாம் ஒத்துப்போகும். டிங்கோவைத் தெற்காசியக் கிராமத்து நாய்களோடு சேர்த்துப் பேசிய பழைய இயற்கையியலாளர்கள் கண்டதும் இந்தச் சாயலைத்தான். இந்தியாவிலிருந்தே டிங்கோ போனது என்றும் ஒரு கருத்து இருந்தது. பின்னர் வந்த மரபணு ஆய்வுகள் அதன் வழித்தடத்தைக் கிழக்கு ஆசியாவின் பக்கம் காட்டுகின்றன. மனிதரோடு கடல் கடந்து போய், அங்கே காட்டு வாழ்வுக்குத் திரும்பிய பழைய நாய் அது. ஆஸ்திரேலியாவின் மதுரா குகையில் கிடைத்த டிங்கோ எலும்புகளின் வயது 3,000 ஆண்டுகளுக்கு மேல். மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு, வேளாண் மக்களோடு வாழ்ந்த நாய்களில் பல படிகளாகப் பெருகியது, டிங்கோவில் பெருகவில்லை. உழவர் வீட்டுச் சோறு பரவலாவதற்கு முன்பே பிரிந்துபோன கிளை என்பதற்கு அது ஓர் அடையாளம். அதைத் தனி இனம் என்பதா, வீட்டு நாயின் வகை என்பதா என்ற வாதம் இன்னும் நடக்கிறது. எந்தப் பக்கம் வென்றாலும், டிங்கோ ஆரணித் தெருநாய்க்குப் பங்காளிதான்.

செந்நாய் அப்படியல்ல. நாய், ஓநாய், நம் வயல்வெளி நரி ஆகியவை ஒரே பேரினத்தில் நெருங்கி நிற்கின்றன. அந்தக் கொத்துக்கு வெளியே, முன்பே கிளைத்தது செந்நாய். தெருநாய்க்குச் செந்நாயைவிட நரியே நெருங்கிய சொந்தம். வாயைத் திறந்து பார்த்தாலும் வேறுபாடு தெரியும்: நாய்க்குப் பற்கள் 42, செந்நாய்க்குக் கீழ்த்தாடையின் இரு பக்கமும் ஒவ்வொரு கடைவாய்ப்பல் குறைவு, ஆக 40. இது குரைப்பதில்லை என்றே சொல்லலாம். புதருக்குள் சிதறிய கூட்டம் ஒன்றையொன்று சீழ்க்கையடித்து அழைத்துக்கொள்ளும். பீட்டர் சைமன் பல்லாஸ் 1811இல் இதை அறிவியல் உலகுக்கு விவரித்தார். 1838இல் ஹாட்ஜ்சன் இதற்குத் தனிப் பேரினம் வகுத்தார்.

தமிழ் இதை வெகு முன்பே கண்டுகொண்டது. நற்றிணையின் 43ஆம் பாட்டில், பசித்த செந்நாய் கொன்று தின்று மிச்சம் விட்ட இறைச்சி, பாலை வழியில் போவோருக்கு உணவாகிறது. இதைக் கற்பனை என்று ஒதுக்க முடியாது. செந்நாய் அடித்த மானை மனிதர் எடுத்துச் செல்லும் வழக்கம் தென்னிந்தியக் காடுகளில் அண்மைக் காலத்திலும் பதிவாகியிருக்கிறது. பழம்பாட்டில் வெறுப்பின் சாயலே இல்லை என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

வெறுப்பு பின்னால் வந்தது. ஆங்கிலேய வேட்டைக்காரர்கள், தாங்கள் சுட வேண்டிய மானைத் தின்பதால் இதைப் பகையாகக் கருதினார்கள். உயிரோடு இருக்கும்போதே இரையைக் கிழித்துத் தின்கிறது என்பது அவர்கள் அடுக்கிய குற்றங்களில் முதன்மையானது. கொன்று வருவோருக்கு அரசு பரிசுப் பணம் கொடுத்தது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகே நிலைமை மாறியது.

பார்வை மாறியதில் தென்னாட்டவர் சிலரின் பங்கு பெரிது. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) கறுப்பு வெள்ளையிலேயே காட்டு விலங்குகளைப் படமெடுத்து, விலங்கை அதன் இடத்தோடு சேர்த்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். நீலகிரியில் வழக்கறிஞராக இருந்த ஈ. ஆர். சி. டேவிதார் செந்நாய்களைக் கவனித்து எழுதிய கட்டுரை 1975இல் வெளியானது. நாங்குநேரியில் பிறந்து சிவகாசிக் கல்லூரி ஒன்றில் ஆசிரியராக இருந்த ஏ. ஜே. டி. ஜான்சிங், 1976 முதல் 1978 வரை பந்திப்பூரில் செந்நாய்க் கூட்டங்களைப் பெரும்பாலும் கால்நடையாகவே பின்தொடர்ந்தார். பெரிய காட்டுப் பாலூட்டி ஒன்றை இந்தியர் ஒருவர் இயற்கைச் சூழலில் முறையாக ஆராய்ந்த முதல் முயற்சிகளுள் அது ஒன்று. வேட்டைக்குப் போனவை திரும்பிவந்து குட்டிகளுக்கும், குகையில் காவல் இருந்த துணைக்கும் உண்ட இறைச்சியைக் கக்கிக் கொடுப்பதைப் படிக்கிற எவரும் இதைக் கொடூர விலங்கு என்று மறுபடி சொல்லத் தயங்குவார்கள்.

அசையும் படத்தில் இதைக் கொண்டுவந்தவர்கள் மைசூரைச் சேர்ந்த கிருபாகர், சேனானி என்ற இருவர். 1997இல் வீரப்பன் கடத்திச் சென்று 14 நாள் காட்டில் வைத்திருந்தது இவர்களைத்தான். பந்திப்பூர், முதுமலைக் காடுகளில் பல ஆண்டுகள் ஒரே விலங்கின் பின்னால் அலைந்து எடுத்த இவர்களின் செந்நாய்ப் படம் 2010இல் வைல்டுஸ்கிரீன் இயற்கைப் பட விழாவில் பாண்டா விருது பெற்றது.

ஆனால் கேமராவுக்கும் ஓர் எல்லை உண்டு. புலியின் வரிகளை வைத்துத் தானியங்கிக் கேமராப் படத்திலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். செந்நாய்க்கு வரியும் இல்லை, புள்ளியும் இல்லை. பத்துப் படம் பத்து விலங்கா, ஒன்றே பத்து முறை வந்ததா என்று சொல்வது கடினம். அதனால்தான் இதன் எண்ணிக்கை நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. வயநாட்டில் 2019இல் எச்சத்திலிருந்து மரபணுவைப் பிரித்து, சுமார் 50 செந்நாய்கள் என்று கணக்கிட்டார்கள். உலகம் முழுவதும் இனப்பெருக்க வயதில் இருப்பவை 949 முதல் 2,215 வரை என்பது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் மதிப்பீடு. காட்டை ஒட்டிய ஊர்களின் நாய்களிடமிருந்து பரவக்கூடிய வெறிநோய், நாய்க் காய்ச்சல் (டிஸ்டெம்பர்) ஆகியவையும் இதற்கு ஆபத்து. தொலைவு உறவாக இருந்தும் இந்த நோய்கள் இரண்டையும் தாக்கும்.

படமெடுக்கச் செல்வோர்க்கு அதிகாலையும் மாலையும் ஏற்ற நேரம். வேட்டைக்கு முன் கூட்டம் சாலையோரத்தில் ஒன்றோடொன்று உரசி விளையாடும். அந்த வேளையில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, தொலைவு லென்ஸோடு காத்திருப்பவர்க்குத் தனி முகம் மட்டுமல்ல, கூட்டத்தின் உறவும் படத்தில் கிடைக்கும். குட்டி ஈனும் காலம் ஏறத்தாழ நவம்பர் முதல் மார்ச் வரை. தொந்தரவு நேர்ந்தால் தாய் குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு குகைக்கு மாற்றிவிடும். இருக்கும் குகை தெரிந்தாலும் அந்த மாதங்களில் அதன் பக்கம் போகக்கூடாது, இடத்தைப் பிறரிடம் சொல்லவும் கூடாது.